மூன்றாவது கையெழுத்து

பாஸ்டனில் இருக்கும் என் மச்சினன், அக்டோபர் பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் மரம் மரமாக அனுப்ப ஆரம்பித்துவிடுவான். மேப்பிளாம். குங்குமத்தைக் கொட்டின மாதிரி இருக்கும். "நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது!" என்று என் மனைவி பெருமூச்சு விடுவாள். மாடம்பாக்கத்தில் மேப்பிள் இல்லாததற்கு நான்தான் காரணம் போல!

கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று ஆறு பருவம் பிரித்த நம் முன்னோர், இலையுதிர் காலத்துக்கு இடமே ஒதுக்கவில்லை. உறைபனியா? மூச்! சென்னையில் பதிவான குறைந்தபட்சக் குளிரே 13.9 டிகிரிதான். அதுவும் 1895 டிசம்பரில்.

இருந்தாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே! மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு மங்கி குல்லாவும் செல்போனுமாகக் கிளம்பினேன். தேனுபுரீஸ்வரர் கோயில் விமானத்தைத் 'தூங்கானை மாடம்' என்பார்கள். பனிமூட்டத்தில் நிஜமாகவே யானை தூங்குகிற மாதிரிதான் இருந்தது. நாலு படம். ஏரிக்கரையில் பத்துப் படம். பார்த்தால், வேட்டி காயப்போட்ட மாதிரி எல்லாம் ஒரே வெள்ளை. கலர் எங்கே சார்?

கலர் எங்கள் தெருமுனையில் இருந்தது. டீச்சரம்மா வீட்டு வாதாம் மரம். இலைக்கு இலை செக்கச்செவேல். பச்சையம் வடிகிற நேரத்தில் இலையில் ஊறுகிற ஆந்தோசயனின் என்ற சாயம்தான் மேப்பிளைச் சிவக்க வைக்கிறது. இங்கேயும் அதே சரக்குதான், விசா இல்லாமல்! வெயில் அப்போதுதான் இலைக்குப் பின்னால் வந்தது. கிளிக்கித் தள்ளினேன்.

கேட் திறந்தது.

"நல்லா எடுங்க தம்பி. கம்ப்ளெயிண்ட்டோட சேர்த்துக் குடுக்கத்தானே? ஞாயித்துக்கிழமை வெட்ட ஆள் வருது."

சுருக்கென்றது. இலை விழுந்து தெரு குப்பையாகிறது, சாக்கடை அடைக்கிறது என்று தெருக்காரர்கள் சங்கத்தில் கொடுத்த மனுவில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. படித்துக்கூடப் பார்க்கவில்லை. ஆபீஸில் வவுச்சரில் போடுகிற பழக்கம்.

பேசாமல் செல்போனை நீட்டினேன். டீச்சரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"நம்ம மரமா இது? குடிவந்த வருஷம் அவர் வச்சது தம்பி. தினம் குனிஞ்சு பெருக்கறதோட சரி..." மேலே பேசவில்லை. புடவைத் தலைப்பால் செல்போனைத் துடைத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

"கையெழுத்தை வாபஸ் வாங்கலாமா சார்?"

"தாராளமா! இலையை யார் பெருக்கறது?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஆள், மின்கம்பியில் உரசின ஒரு கிளையை மட்டும் கழித்துவிட்டுப் போனார்.

'சூப்பர் அத்தான்! எந்த ஸ்டேட் இது?' என்று மச்சினன் கேட்டிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை. காலையில் எங்கே நேரம்? ஆறு மணிக்கே மங்கி குல்லாவும் துடைப்பமுமாகத் தெருமுனையில் நிற்கிறேன். நேற்று வாக்கிங் வந்த ஒருவர் நின்று செல்போனில் படம் எடுத்தார். மரத்தையா, என்னையா என்று தெரியவில்லை.