இரவு ரெண்டு மணிக்கு ஸ்ராட் எடுக்குமோ?

கார் பார்ப்பம் எண்டு வீட்டில முடிவெடுத்த அண்டைக்கு அப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

“இரவு ரெண்டு மணிக்கு ஸ்ராட் எடுக்குமோ?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மழை இரவு இருக்கிறது. முந்தின கார்த்திகையில் அப்பாவுக்குத் திடீரென நெஞ்சு நோ. எங்கட பழைய கார் ‘டிக் டிக்’ எண்டதோட சரி. வழமையாகக் கூப்பிடுற ஓட்டோ அண்ணை போன் எடுக்கேல்லை. 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் கூப்பிடலாம் எண்டது எங்களில் ஒருத்தருக்கும் அந்த நேரம் மூளையில் வரேல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு மாமா லாண்ட்மாஸ்டரில் பெட்டியைக் கொழுவ, அப்பாவைப் பாயில் படுத்தி, அம்மா குடை பிடிக்க, மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அப்பா தப்பினார். கார் பழைய இரும்புக்குப் போனது.

வீடு பருத்தித்துறையில். எனக்குத் திருநெல்வேலியில் கம்பஸ். அம்மாவுக்கு நெல்லியடிப் பக்கம் பள்ளிக்கூடம். அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் கிளினிக். இனி அப்பா வாகனம் ஓட வேண்டாம் எண்டு டொக்டர் சொல்லிவிட்டார். ஆக, ஓடப் போறது நான். காசு எண்டு பார்த்தால் அப்பாவின் பணிக்கொடையில் மிஞ்சினது, அண்ணா கொழும்பிலிருந்து சேர்த்து அனுப்பினது, அம்மா வித்த ஒரு சோடிக் காப்பு. இதில் பிழை விட்டால் இன்னொருக்கா வாங்க எங்களிட்ட எதுவும் இல்லை.

இதற்குள் என்னுடைய ஒரு ரகசியத்தையும் சொல்ல வேண்டும். எனக்குக் கார் விசர். அதுவும் ‘ஹொட் ஹச்’ விசர்.

தெரியாதவர்களுக்கு: பின்கதவு மேல்நோக்கித் திறக்கிற சாதாரண சின்னக் கார்தான். மரக்கறி ஏத்தலாம், அம்மம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம். ஆனால் எஞ்சின், பிறேக், சொக் எல்லாம் ஒருபடி கூடினதாகப் போட்டிருப்பார்கள். 1976இல் வந்த வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிரிஐதான் இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1.6 லீற்றர் எஞ்சின், 110 குதிரைவலு. இண்டைக்கு அது பெரிய எண் இல்லை. எண்டாலும் ஒரு ஆயிரம் சீசீ விற்ஸ் எழுபது குதிரைவலுவோட ஓடுது எண்டு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஜப்பான்காரர் இதை இன்னும் சின்னதாகச் செய்தார்கள். எங்கட ரோட்டுகளில் எப்போதாவது காண்கிற ஸ்டார்லட் கிளான்சா, ஸ்விப்ட் ஸ்போர்ட் எல்லாம் அந்த வழிதான்.

‘இதய நோயாளி இருக்கிற வீட்டுக்கு ஓட்டக் காரோ?’ எண்டு நீங்கள் கேட்கலாம். அண்ணாவும் அதைத்தான் கேட்டான். “பேசாமல் ஒரு விற்ஸ் எடு. அது நம்பலாம்.”

நான் விட்டுக் கொடுக்கேல்லை. ரெண்டையும் பார்ப்பம், எது நம்பலாம் எண்டு பிறகு சொல்லுறன் எண்டேன். ஊர் மெக்கானிக் அண்ணையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஒரு மாதம் அலைந்தோம்.

முதல் பார்த்தது கிளான்சா. 1.3 லீற்றர்தான், ஆனால் டேர்போ, 135 குதிரைவலு. பத்து மணிக்கு வாறம் எண்டு சொல்லிவிட்டு அண்ணை என்னை எட்டரைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். போன உடனே பொனற்றில் கையை வைத்தார். சுட்டது. “பாத்தீரோ தங்கச்சி, எங்களுக்கு முதலே எழும்பிப் பல்லுத் தீட்டி நிக்குது” எண்டார். ஆறிக் கிடக்கிற எஞ்சின்தான் உண்மை சொல்லும். காலையில் முதல் ஸ்ராட்டில் வருகிற சத்தமும் புகையும் சூடேறினால் மறைந்துபோகும். விற்கிற ஆள் முன்கூட்டியே ஓட விட்டு வைத்திருக்கிறார் எண்டால் எதையோ மறைக்கலாம். கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு, பிறகு அக்சிலேற்றரை அமத்தச் சொன்னார். பின்னால் நீலப் புகை.

வெள்ளைப் புகை நிக்காமல் வந்தால் தண்ணி எரிகிறது, கறுப்பு எண்டால் பெற்றோல் கூட, நீலம் எண்டால் ஒயில். டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குகிறது ஒரு மெல்லிய ஒயில் படை மட்டும்தான். விரட்டி ஓடிவிட்டு வந்த சூட்டோட எஞ்சினை டக்கெண்டு நிப்பாட்டினால் அந்த ஒயில் அங்கேயே கருகும். ஒரு நிமிசம் ஆற விட்டு நிப்பாட்டியிருந்தால் காலத்துக்கும் ஓடியிருக்கும். இருபத்தைந்து வருசத்துக்கு மேல் வயதுள்ள காரை எத்தனை பேர், எத்தனை இரவுகள், அந்த ஒரு நிமிசம் பொறுத்தார்கள்? அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கம்பனி செய்த காரில் பிழை இல்லை. இடையில் வந்த கைகளில்தான் பிழை.

மனசு கேட்கேல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ரெண்டாவது, அண்ணா சொன்ன விற்ஸ். வெள்ளை, வடிவு, மீற்றரில் அறுபத்தி நாலாயிரம் கிலோமீற்றர். ‘இதை எடுத்துட்டுப் போவம்’ எண்டு எனக்கே வந்துவிட்டது. அண்ணை ஒண்டும் பேசாமல் குனிந்து பிறேக் மிதியைக் காட்டினார். ரப்பர் தேய்ந்து ஒரு பக்கம் இரும்பு தெரிந்தது. ஸ்டியரிங் வழுக்கிற அளவுக்குப் பளபளப்பு. ட்ரைவர் சீற்றின் ஓரம் இடிஞ்சு போய்க் கிடந்தது. அறுபத்தி நாலாயிரம் ஓடின காரின் கோலம் இல்லை அது. மீற்றரைப் பின்னுக்குத் திருப்பலாம், மிதியைத் திருப்ப ஏலாது. ஜப்பானில் ஏலம் போன நேரத்துத் தாளைக் கேட்டோம். “அது துலைஞ்சு போச்சு” எண்டார் விற்கிறவர்.

அண்டைக்குத்தான் எனக்கு ஒண்டு உறைத்தது. ‘நம்பலாம்’ எண்டதை நாங்கள் ஒரு பெயரில் ஒட்டி வைத்திருக்கிறோம். இந்தக் கம்பனி நல்லம், அந்த மொடல் சரியில்லை எண்டு. புதுக் காருக்கு அது சரியாக இருக்கலாம். பாவிச்ச காருக்கு ஊர், பேர், குலம் கேட்டு வேலையில்லை. வளர்ந்த வளர்ப்பைத்தான் கேட்க வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, எங்களைப் போல சனத்தின் சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதற்குப் பிறகும் வரியோட புதுசு எங்களுக்கு எட்டாது. அந்த ஐந்து வருசமும் நாட்டில் இருந்த கார்களையேதான் சனம் மாறி மாறி வித்து வாங்கியது. பதினைந்து வயதுக் காரும் குமராகி விலை ஏறியது. அதனால்தான் மறைக்கிற வேலையும் கூடியது எண்டு நினைக்கிறேன்.

மூண்டாவது, ஸ்விப்ட் ஸ்போர்ட். 2005இல் வந்த மொடல். 1.6 லீற்றர், டேர்போ இல்லை, 125 குதிரைவலு, ஐந்து கியர், கையால் மாத்துறது. வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஐயா. போகும்போது பொனற் குளிர்ந்து கிடந்தது. காரைக் காட்ட முதல் ஒரு சீஆர் கொப்பியைத் தந்தார். ஒயில் மாத்தின திகதி, மீற்றர் எண், பில், எல்லாம் நீல மையில். “2022இல கிழமைக்கு இருபது லீற்றர்தானே பிள்ளை தந்தவை. அப்ப அரைவாசி நாள் நிண்டது. பற்றரி செத்துப் போச்சு, மாத்தினனான். அதையும் எழுதியிருக்கிறன் பாரும்” எண்டார். ஒரு கார் தன்ர குறையைத் தானே சொன்னது அங்கேதான்.

அண்ணை ஒரு மணித்தியாலம் பார்த்தார். ஒயில் மூடியைத் திறந்து உள்ளே வெள்ளைப் படிவு இருக்கா எண்டு பார்த்தார். ரயரில் இருக்கிற நாலு இலக்கத்தை வாசிக்கப் பழக்கினார். 2319 எண்டால் 2019இன் இருபத்திமூண்டாம் கிழமை செய்தது. எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோட ஒப்பிட்டார். கமறா பெல்ற் இல்லை, டைமிங் செயின் எண்டதால் ஒயிலை ஒழுங்காக மாத்தினால் போதும் எண்டார். இதே எஞ்சின் எஸ்எக்ஸ்4 காரிலும் வந்தபடியால் சாமான் தேடிப் பிடிக்கலாம். முன் பம்பரும் பின் டிஸ்க் பிறேக்கும் ஸ்போர்ட்டுக்கே உரியது, உடைஞ்சால் அலைய வேண்டும். 95 ஒக்டேன் அடிக்க வேண்டும், அது 92ஐ விட விலை. பதினாறு அங்குல மெல்லிய ரயர் எங்கட ரோட்டுக் கிடங்குகளை ஒண்டும் விடாமல் இடுப்புக்குச் சொல்லும்.

வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் ஒரு தாளில் எழுதி அப்பாவுக்கு முன் வைத்தேன். கம்பஸில் ஒரு அசைன்மென்றுக்கும் அவ்வளவு கவனமாக எழுதினதில்லை. கடைசி வரி: ‘இரவு ரெண்டு மணிக்கு ஸ்ராட் எடுக்கும்.’

அப்பா வாசித்தார். அம்மாதான் கேட்டா: “சரி, எடுக்கும். ஆர் எடுக்கிறது?”

எனக்கு விளங்கேல்லை.

“நீ கம்பஸில நிக்கேக்க இவருக்கு ஏலாமல் வந்தால்? நான் ஓட்டோ கியர் மட்டும்தானே ஓடுவன்.”

ஒரு மாதமாகப் புகையையும் செயினையும் மிதியையும் பார்த்திருக்கிறேன். என் தாளில் அந்த வரி இல்லை. நான் எப்போதும் வீட்டில் நிற்பேன் எண்ட நினைப்பிலதான் எல்லாக் கணக்கும் போட்டிருந்தேன். ஓட ஆள் இல்லாத வீட்டில் நல்ல எஞ்சினும் ஸ்ராட் எடுக்காத எஞ்சினும் ஒண்டுதான். எனக்கு வெக்கமாக இருந்தது. ஆசைக்குத்தான் இவ்வளவு நாளும் நியாயம் தேடினேனோ எண்டும் வந்தது.

“அப்ப வேண்டாம். ஓட்டோ கியர் ஒண்டு பாப்பம்” எண்டேன்.

அம்மா ரெண்டு நாள் ஒண்டும் சொல்லேல்லை. மூண்டாம் நாள் தேத்தண்ணி வைத்துக்கொண்டே சொன்னா: “அந்த ஐயாவின்ர காரையே எடுப்பம். எங்களுக்கு ஒளிக்காமல் சொன்னது அவர் ஒருத்தர்தான். கியரை நான் பழகுறன். லைசன்ஸ் எடுக்கேக்க ஓடினதுதானே.”

ஐம்பத்தி ரெண்டு வயதில் அம்மா பழகினா. பின்னேரங்களில் பள்ளிக்கூட மைதானத்தில், அப்பா பின் சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு இருக்க. ஒவ்வொரு முறையும் கார் துள்ளி நிண்டால் “கிளட்சை மெதுவா விடுமப்பா” எண்டு அப்பா, “நீங்கள் பேசாமல் இருங்கோ” எண்டு அம்மா.

இப்போது எட்டு மாதம். ஒரு எஞ்சின் மவுண்ட் மாத்தினோம். ஒரு ரயர் கிடங்கில் விழுந்து வெடித்தது, விலையைக் கேட்டு நான் ஒருநாள் சாப்பிடேல்லை. மற்றபடி ஓடுகிறது. ஐயாவின் கொப்பியில் இப்போது என்ர கையெழுத்து.

போன மாசியில் சோதனைக்காக நான் திருநெல்வேலியில் சிநேகிதியின் அறையில் தங்கின ஒரு இரவு, அப்பாவுக்குத் திரும்ப நெஞ்சு அடைத்தது. அம்மா எனக்குக் கூடச் சொல்லேல்லை. காரை எடுத்து மந்திகைக்குக் கொண்டுபோய்விட்டா. வாய்வு எண்டு சொல்லி விடியக் காலை விட்டுவிட்டார்கள். காலையில் எனக்குப் போன் வந்தது, அப்பாதான் கதைத்தார். எனக்குக் கை நடுங்கியது. கேட்கிறதுக்கு வேறொண்டும் வரேல்லை.

“ஸ்ராட் எடுத்ததோ அப்பா?”

“ஒரே அடியில எடுத்தது. மந்திகை மட்டும் ரெண்டாம் கியரிலதான் போனது. அதுக்குக் காரில பிழை சொல்லக் கூடாது பிள்ளை.”