துப்பாக்கிக்குக் கண்ணாடி வாங்கப் போன கதை

தாளவாடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மக்காச்சோளத்தை மானும் காட்டுப்பன்றியும் அழிக்கின்றன. அமெரிக்காவில் விவசாயிகள் ஸ்கோப் வைத்த துப்பாக்கியால் மானைச் சுடுவதை யூடியூபில் பார்த்தேன். அதை நாமும் வாங்கலாமா? என்ன விலை ஆகும்?"

முதல் கேள்விக்குப் பதில், கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். நம் வயலுக்குள் வந்து மேய்ந்த மானாக இருந்தாலும் குற்றம்தான். சேதத்தை உடனே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். தாமதம் செய்தால் பாதிப்பின் தடயம் மறைந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது விலைக்கு, என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் சேர்த்து வைத்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்டோபர் மாதம். மாநிலத்தின் தென்மேற்குப் பகுதி, குன்றும் பள்ளமுமான பூமி. மகள் வீட்டுக்கு அடுத்து 80 ஏக்கர் பண்ணை. அங்கே அது சிறு விவசாயம். வயது எழுபதை நெருங்கும் பெரியவரும் அவர் மனைவியும் மக்காச்சோளமும் சோயாவும் போடுகிறார்கள். நான் வேளாண்மை அலுவலர் என்று மாப்பிள்ளை சொன்ன மறுநாளே, அந்தப் பெரியவர் என்னை வயலுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

காட்டை ஒட்டிய வரிசைகளில் சோயா முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. இளம் பயிராக இருக்கும்போதே மான் நுனியைக் கிள்ளிவிட்டுப் போகிறது. மக்காச்சோளத்தில் கதிர் பால் பிடித்த சமயத்தில் நுனியை மட்டும் கடித்துப் போட்டிருந்தது. நம்ம ஊர்ப் புள்ளிமான் செய்கிற அதே வேலை. அங்கே இருப்பது வெள்ளைவால் மான். அந்த மாநிலத்தில் வேட்டை சட்டபூர்வமானது. உரிமம் வாங்கி, குறித்த நாட்களில், குறித்த நேரத்துக்குள் சுடலாம். துப்பாக்கிக்கான முக்கியப் பருவம் நவம்பர் கடைசியில் ஒன்பது நாள். வேட்டைக்காரர் எல்லாரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறச் சட்டை போட வேண்டும், ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளாமல் இருக்க. 1973ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பொதுவாகப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் உரிமமே கிடைக்கும்.

பெரியவரிடம் இருந்தது அவருடைய அப்பாவின் துப்பாக்கி. முப்பது-நாட்-ஆறு என்று சொல்லும் ரகத் தோட்டா போடுவது. அதன் மேல் இருந்த ஸ்கோப்பும் அப்பா காலத்தது. அதை மாற்ற வேண்டும் என்றார். கையில் 300 டாலர் வைத்திருந்தார். ஏன் மாற்ற வேண்டும் என்பதை அவர் மனைவிதான் பிறகு சொன்னார்.

முந்தைய வருடம், பருவத்தின் கடைசி நாள், நேரம் முடியச் சில நிமிடங்கள். 120 கெஜத்தில் ஒரு பெண் மான். சுட்டிருக்கிறார். மான் விழவில்லை, ஓடிவிட்டது. ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் நடு இரவு வரை தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காக்கைகள் காட்டிக்கொடுத்தன. வயிற்றில் பட்டிருந்தது. "அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. இதைச் சரி செய்யாமல் இனிமேல் துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்" என்றார் அந்த அம்மா.

நான் மான் கறி தின்றவனும் இல்லை, துப்பாக்கி பிடித்தவனும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை அவர் கடைக்குப் புறப்பட்டபோது கூடப் போனேன்.

கடையில் ஒரு சுவர் முழுக்க ஸ்கோப். அதில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 3-9x40 என்றால் மூன்று மடங்கு முதல் ஒன்பது மடங்கு வரை உருவத்தைப் பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர். விற்பனைப் பையன் எடுத்த எடுப்பில் 4-16x50 ஒன்றைக் கையில் கொடுத்தான். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு நம்ம ஊர் மோட்டார் கடை ஞாபகம் வந்தது. ஐந்து எச்.பி. போதுமான கிணற்றுக்குப் பத்து எச்.பி.யைத் தலையில் கட்டுவது எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது.

"உங்கள் வயலில் எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள்?" என்று கேட்டேன்.

"அதிகபட்சம் 150 கெஜம். அதற்கு மேல் குன்று மறைத்துவிடும்."

அந்தத் தூரத்துக்குப் பதினாறு மடங்கு எதற்கு? அதுமட்டுமில்லை, மடங்கைக் கூட்டக் கூட்ட வெளிச்சம் குறைகிறது. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 50ஐ 16ஆல் வகுத்தால் 3 மில்லிமீட்டர் சொச்சம். 40ஐ 6ஆல் வகுத்தால் 6.7. இருட்டும் நேரத்தில் வயதானவர் கண்ணின் பாப்பா விரிவது சுமார் 5 மில்லிமீட்டர்தான். ஆக 40 மில்லிமீட்டர் கண்ணாடியை ஆறு மடங்கில் வைத்தாலே அவர் கண்ணுக்குத் தேவையான வெளிச்சம் முழுவதும் வந்துவிடுகிறது. மான் வருவது விடியலிலும் அந்தியிலும். உச்சி வெயிலில் கடைக்குள் நின்று பார்த்தால் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும்.

அதனால் சாயங்காலம் வரை காத்திருந்தோம். பையன் சலித்துக்கொண்டாலும் இரண்டு மூன்றை வாசலுக்குக் கொண்டுவந்து தந்தான். எதிரே மரக்கூட்டத்தின் அடியில் இருட்டான இடத்தைப் பார்த்தோம். லூபோல்ட் ஒன்று தெளிவாக இருந்தது, ஆனால் அதற்கே 300 டாலரும் போய்விடும். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 3-9x40 ஒரு துளி மங்கல்தான், விலை 200க்குள். அந்தக் கம்பெனியின் தலைமையிடம் அதே மாநிலத்தில் பார்னவெல்ட் என்ற ஊரில்தான் இருக்கிறது. ஆயுள் முழுக்க உத்தரவாதம், கைமாறினாலும் செல்லும். பெரியவர் அதையே எடுத்தார். மிச்சப் பணத்தில் ஸ்கோப்பைப் பிடித்துக்கொள்ளும் எஃகு வளையங்கள், திருகின் இறுக்கத்தை அளந்து காட்டும் ஒரு திருப்புளி, பயிற்சிக்கு இரண்டு பெட்டித் தோட்டா.

வீட்டுக்கு வந்து பழைய ஸ்கோப்பைக் கழற்றும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. துப்பாக்கி காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு மேசை மேல் வைத்தார். அடித்தகட்டின் பின்பக்கத் திருகில் திருப்புளியை வைத்தார். அழுத்தவே இல்லை, அது பாட்டுக்குச் சுற்றியது. எத்தனை வருடமாகத் தளர்ந்து கிடந்ததோ. ஸ்கோப்புக்குள்ளும் பனி படர்ந்தாற்போல மங்கல் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த மானின் வயிற்றில் குண்டு பட்டது மங்கலாலா, திருகாலா என்று இனி யார் சொல்வது? பெரியவர் அந்தத் திருகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

தெளிப்பானில் தேய்ந்த நாசிலை மாற்றாமல் மருந்தைக் குறை சொல்லும் விவசாயிகளை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். நானே என் பைக்கில் செயினைப் பார்க்காமல் இன்ஜினைப் பிரித்தவன். அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

புதியதைப் பொருத்த ஒரு மாலை முழுக்க ஆயிற்று. திருகுத் துளையில் இருந்த பழைய எண்ணெயைத் துடைத்து, அடித்தகட்டை இறுக்கி, வளையங்களை வைத்தார். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே மூன்றரை, நான்கு அங்குலம் இடைவெளி வேண்டும். நெருங்கி வைத்தால் சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைத்துப் புருவத்தைக் கிழித்துவிடும். அவர் சட்டையோடு நின்று அளந்தார். அவர் மனைவி உள்ளே போய்க் குளிர்காலக் கோட்டைக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். கனமான கோட்டில் துப்பாக்கி அரை அங்குலத்துக்கு மேல் முன்னால் தள்ளி நிற்கிறது! மறுபடி நகர்த்தினோம். வளையத்தின் திருகுகளை மாற்றி மாற்றி, இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கும்படி, 15 முதல் 18 அங்குல-பவுண்டு அளவுக்குள் இறுக்கினார். கை பலத்தில் முறுக்கினால் குழாய் நசுங்கிவிடும்.

மறுநாள் குறி சரிபார்ப்பு. மேய்ச்சல் நிலத்தின் கோடியில் உயரமான மண்மேடு, அதன் முன்னால் அட்டை. "நான் சுடுகிறேன், நீங்கள் கணக்குப் போடுங்கள்" என்றார். காதடைப்பானை மாட்டிக்கொண்டு நோட்டோடு உட்கார்ந்தேன்.

முதலில் 25 கெஜம். குண்டு இரண்டு அங்குலம் கீழே விழுந்தது. ஸ்கோப்பின் குமிழை ஒரு கிளிக் திருப்பினால் கால் அங்குலம் நகரும் என்று தாளில் போட்டிருந்தது. எட்டுக் கிளிக் மேலே என்றேன். அடுத்த குண்டு அரை அங்குலம்தான் ஏறியது. புது ஸ்கோப்பும் மோசமோ என்று பெரியவர் என்னைப் பார்த்தார். எனக்கு வேர்த்துவிட்டது. தாளை மறுபடி படித்தேன். கால் அங்குலம் என்பது 100 கெஜத்தில். கிளிக் திருப்புவது கோணத்தை, அங்குலத்தை இல்லை. 25 கெஜத்தில் ஒரு கிளிக் அதில் நான்கில் ஒரு பங்குதான் நகர்த்தும். இரண்டு அங்குலத்துக்கு 32 கிளிக். இன்னும் 24 திருப்பச் சொன்னேன். நடுவில் விழுந்தது. பி.எஸ்ஸி. அக்ரி படித்தவன் மானம் தப்பியது.

பிறகு 100 கெஜம். மூன்று மூன்று தோட்டாவாக, இடையில் குழல் ஆறும்வரை காத்திருந்து. மூன்று அங்குலம் மேலே விழுந்ததை நான்கு கிளிக் இறக்கி, இரண்டு அங்குலம் மேலே நிறுத்தினோம். அந்த ரகத் தோட்டா அப்படி வைத்தால் 200 கெஜம் வரை பெரிதாக இறங்காது. மானின் இதயமும் நுரையீரலும் உள்ள இடம் எட்டு அங்குல அகலம். 150 கெஜத்துக்குள் சுடும் அவருக்கு அது போதும். ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்ததும், தூரத்தையும் தோட்டா ரகத்தையும் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் எழுதித் துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒட்டினார். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், "திருகைப் பார்."

பருவத்தின் முதல் சனிக்கிழமை. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். தூரத்துக் குன்றுகளில் சத்தம் கேட்டது, அவர் வயலில் இல்லை. இருட்டியதும் ஆரஞ்சுச் சட்டையோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். அந்தியில் 110 கெஜத்தில் ஒரு மான் வந்து நின்றதாம். பைனாகுலரில் பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியைத் தூக்கினாராம். ஸ்கோப்புக்குள் மானுக்குப் பின்னால் மரக்கிளைகளின் இடுக்கில் ஏதோ பளபளத்தது. உற்றுப் பார்த்தால் பக்கத்துப் பண்ணைக் கொட்டகையின் தகரக் கூரை.

"பழைய கண்ணாடியில் எனக்கு அது தெரிந்திருக்காது" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரே ஒரு வெடிச் சத்தம். மான் முப்பது அடிகூடப் போகவில்லை என்றார். 2002இல் அந்தப் பகுதியில் மான்களுக்கு மூளையைத் தாக்கும் நோய் கண்டுபிடித்ததிலிருந்து, தலையின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே பலர் கறியைத் தின்கிறார்கள். அவரும் அனுப்பினார். எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். முடிவு வருவதற்குள் நான் ஊருக்கு விமானம் ஏறிவிட்டேன். நான் தின்பதில்லை என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.