எடைத்தராசு சொல்லாத சேதி

தலையான பாவங்கள் ஏழு என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அவற்றுள் போசனப்பிரியத்திற்கு உதாரணம் கேட்டால், ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் அறுவரும் ஒருத்தியைத்தான் திரும்பிப் பார்ப்போம். அவள் எங்கள் விடுதித் தோழி. பருத்த உடல்வாகு. அவளுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே அச்சேற்றப் போவதில்லை.

இரண்டாம் முறை சோறு வாங்க அவள் எழுந்தால் எங்கள் மேசையிலிருந்து கனைப்புச் சத்தம் கிளம்பும். அவளுடைய பின்கழுத்து கறுத்திருப்பதைக் கண்டு, "அங்கே மட்டும் தண்ணீர் படுவதில்லையோ?" என்று கேட்டோம். அவள் தேங்காய் நாரினால் தேய்த்துத் தேய்த்துக் கழுத்தைப் புண்ணாக்கிக் கொண்டாள். அதற்கும் சிரித்தோம். இதையெல்லாம் ஒருநாளும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றினால் அல்லவா சொல்வதற்கு!

தவக்காலம் வந்தது. சாம்பல் புதனன்று தொடங்கி அவள் நாள்தோறும் ஒருசந்தி இருந்தாள். காலையில் வெறும் தண்ணீர், மதியம் இரண்டு கரண்டி சோறு, இரவில் ஒன்றுமில்லை. பக்தி முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டோம். மூன்றாம் வாரம் ஒரு காலைத் திருப்பலியில் நற்செய்தி வாசிக்க எல்லாரும் எழுந்து நின்றபோது, அவள் மட்டும் சரிந்து விழுந்தாள். பெஞ்சின் விளிம்பு பட்டு நெற்றி கிழிந்து ஐந்து தையல் போட வேண்டியதாயிற்று.

எங்களைக் கூப்பிட்டு யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அறிவியல் சிஸ்டர் மட்டும், "ஒருசந்தி பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்குத்தான் கடமை என்று அவளுக்குத் தெரியும். அப்படியானால் அவள் யாருக்காகப் பட்டினி கிடந்தாள்?" என்று கேட்டார்கள். பிறகு அறிவியல் மன்றத்திற்கு எங்கள் அறுவரையும் கட்டுரை எழுதப் பணித்தார்கள். தலைப்பு: 'மனிதர் ஏன் பருக்கின்றனர்?' ஒரு வரியில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் நூலகத்திற்குப் போனோம்.

முதலில் எங்களைத் தடுத்து நிறுத்தியது டென்மார்க் நாட்டுச் செய்தி. அங்கே குழந்தைப் பருவத்தில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து, ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1986-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வளர்ந்த பின் அவர்களுடைய உடற்பருமன், எடுத்து வளர்த்து உணவூட்டிய பெற்றோரை ஒத்திருக்கவில்லை. ஒருவேளைச் சோறும் உடன் உண்டிராத, பெற்ற தாய் தந்தையரையே ஒத்திருந்தது.

அடுத்தது லெப்டின். நம் உடம்பிலுள்ள கொழுப்புத் திசு வெறும் சேமிப்பறை அன்று. 'இருப்புப் போதும்' என்று மூளைக்கு ஓலை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓலைதான் லெப்டின் என்னும் இயக்குநீர். அதற்குரிய மரபணுவை 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் எலிகளில் கண்டறிந்தனர். இங்கிலாந்தில் இந்த மரபணு பழுதுபட்டுப் பிறந்த இரு குழந்தைகளைப் பற்றிய கட்டுரை 1997-இல் வந்தது. அவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. எடை 86 கிலோ. எவ்வளவு உண்டாலும் அவளுக்குப் பசி அடங்காது. லெப்டினை ஊசிவழி கொடுக்கத் தொடங்கியதும் பசி தணிந்தது; ஓராண்டில் 16 கிலோவுக்குமேல் குறைந்தாள். அவளை மனஉறுதி இல்லாதவள் என்று எத்தனை பேர் ஏசியிருப்பார்களோ! இத்தகைய ஒற்றை மரபணுக் கோளாறு மிக மிக அரிது. எங்கள் தோழிக்கு அது இல்லை. பெரும்பாலோரிடம் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குச் சிறிதாகத் தராசை அழுத்துகின்றன. ஆனால் பசியின் கடிவாளம் எல்லாரிடமும் ஒரே அளவில் இல்லை என்பது எங்களுக்கு விளங்கிவிட்டது.

மரபணுவே எல்லாம் என்றால் தட்டில் இருப்பதைப் பற்றிக் கவலை எதற்கு என்று எங்களில் ஒருத்தி வாதாடினாள். சிஸ்டர் பிரிட்டனின் கதையைச் சொன்னார்கள். போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரைப் பங்கீடு அங்கே 1953 செப்டம்பரில்தான் முடிந்தது. பங்கீட்டுக் காலத்தில் கருவிலும் முதல் இரண்டாண்டுகளிலும் வளர்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் நீரிழிவு ஏறக்குறைய 35 விழுக்காடும் இரத்தக்கொதிப்பு 20 விழுக்காடும் குறைவாகவே வந்தன என்று 2024-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. சர்க்கரைதான் அளவாகக் கிடைத்தது.

இதற்கிடையே, எங்கள் பள்ளியின் பழைய மாணவியான டாக்டரம்மா ஒருவரை மதர் வரவழைத்தார்கள். பெற்றோரின் சம்மதத்துடன் விடுதி மாணவியர் அனைவருக்கும் எடை, இடுப்பளவு, இரத்தப் பரிசோதனை நடந்தது. முடிவுகள் வந்த நாளை மறக்க முடியாது. எங்கள் தோழிக்கு வெறும்வயிற்றுச் சர்க்கரை 88, குறையில்லை. ஹீமோகுளோபின்தான் 9.2. உடல் பருத்தவளுக்கும் இரத்தச்சோகை வரும் என்று அன்றுதான் கேள்விப்பட்டோம். எங்கள் அறுவரில் ஆக ஒல்லியானவள், கனைப்பதில் முதல்வி, 43 கிலோ எடையுள்ளவள். அவளுக்குச் சர்க்கரை 109! நூறுக்குக் கீழே இருக்க வேண்டும். 126-ஐத் தொட்டால் நோய். இது இடைப்பட்ட எச்சரிக்கை. அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் நீரிழிவு உண்டு.

டாக்டரம்மா அவளை அருகில் உட்காரவைத்துப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினரின் ஆய்வைச் சொன்னார். புனே அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை குறைவு. ஆனால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. கண்ணுக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. தாயின் ஊட்டக்குறைவு கருவிலேயே இப்படி வரைந்துவிடுகிறது. சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் தசை சிறுத்து, வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சொல்லுக்கு உடம்பு கட்டுப்படாது. இன்சுலின் மேலும் மேலும் சுரக்க வேண்டியதாகிறது. பின்கழுத்துக் கறுப்பும் பெரும்பாலும் இதன் அடையாளமே. நாரினால் தேய்த்தால் போகாது. எங்கள் தோழியையும் அவர் சும்மா விடவில்லை. நன்றாக உறங்க வேண்டும், மாலையில் நடக்க வேண்டும், சர்க்கரையைக் குறைக்க வேண்டும், ஆண்டுக்கொருமுறை இரத்தம் சோதிக்க வேண்டும் என்றார். பட்டினி கூடவே கூடாது, கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தவறக் கூடாது என்று எழுதியே கொடுத்தார்.

மறுவாரம் அவளுடைய அம்மா வந்தார். பார்வையாளர் அறைக்கு எங்களை அழைத்தபோது கால் எழவில்லை. அதே முகம், அதே தோள்கள், அதே பருத்த உடல். கடற்கரையில் விடியுமுன் மீன் ஏலமெடுத்து, கடவத்தைத் தலையில் சுமந்து ஊர் ஊராக நடந்து விற்பவர். மீன் தீர்ந்த பிறகே அவருக்குக் கஞ்சி. நாங்கள் ஒரு மாதத்தில் நடக்காத தூரத்தை அவர் இரண்டு நாளில் நடப்பார். போசனப்பிரியம் என்ற சொல் அப்போது எங்களுக்கு நினைவு வந்தது, ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"எனக்க மொவளுக்கக் கூட்டுக்காரியளா மக்களே?" என்று கேட்டுக்கொண்டே, முந்திரிக்கொத்துப் பொட்டலத்தை எங்கள் கையில் வைத்தார். ஆளுக்கொன்று எடுத்தோம். மெல்ல முடிந்தது, விழுங்க நேரமாயிற்று.

அந்த வாரத்திலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "சரி" என்றாள், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஆண்டு நாங்கள் பத்தாம் வகுப்பு. விடுதியில் நான்கு மணிக்கு பன்னுக்குப் பதில் சுண்டல் வருகிறது. தேநீரில் மூன்று கரண்டிச் சர்க்கரை ஒன்றாகக் குறைந்திருக்கிறது. முதல் வாரம் முணுமுணுத்தவர்களுள் நாங்களும் உண்டு. எங்கள் ஒல்லித் தோழியின் சர்க்கரை இப்போது 97. அவளும் டாக்டரம்மாவின் கட்டளைப்படி மாலையில் மைதானத்தைச் சுற்றுகிறாள், மற்றவளும் சுற்றுகிறாள், சில நாள் சேர்ந்து, சில நாள் தனித்தனியாக. சாப்பாட்டு வேளையில் அவள் இன்னும் வேறு மேசையில்தான் உட்காருகிறாள்.

இதை மலருக்குக் கொடுக்கும் முன்பு அவளிடம் படிக்கக் கொடுத்தோம். நிதானமாகப் படித்தாள். "விஷயம் சரிதான். என் எடையையும் இடுப்பளவையும் மட்டும் எடுத்துவிடுங்கள்" என்றாள். எடுத்துவிட்டோம்.