பழைய எண்ணில் புதிய உருப்படி

மூதறிஞர் இராஜாஜி 1878ஆம் ஆண்டு பிறந்த தொரப்பள்ளியே என் ஊர். வீட்டில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், பள்ளியில் தமிழும் கேட்டு வளர்ந்தவன் நான். என் தந்தையார் ஓசூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே, "என்னதான் படிக்கிறாய்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் விடை சொல்லத் திணறுவேன். ஆனால் இவ்வாண்டு படித்த ஒரு செய்தியை மட்டும் நான் அவருக்கு விளக்கவில்லை. அவரே எனக்கு விளக்கினார்.

கணினியில் எந்த நிரலையும் முழுவதும் நாமே எழுதுவதில்லை. பிறர் எழுதி வைத்த நூலகங்களிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்கிறோம். (இந்த 'நூலகத்தில்' புத்தகம் இராது, நண்பர்களே!) அந்நூலகத்துக்குப் புதிய பதிப்பு வரும்போது, பழையதை நம்பி எழுதிய நிரல்கள் தொடர்ந்து ஓடவேண்டும். இதுவே பின்னோக்கிய இசைவு.

சில ஆண்டுகளுக்கு முன் தந்தையாரின் பட்டறை, கைவசமிருந்த டிராயிங்கின்படி நானூறு புஷ் கடைந்து அனுப்பியது. அத்தனையும் திரும்பி வந்தன. வாங்குபவர்கள் உள்விட்டத்தைக் கால் மில்லிமீட்டர் மாற்றியிருந்தார்கள்; உருப்படியின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. புதிய டிராயிங் பட்டறைக்கு வந்து சேரவும் இல்லை. அந்த வாரக் கூலி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அளவை மாற்றுவது அவர்கள் உரிமை. ஆனால் பழைய இடத்தில் உட்காராத உருப்படிக்குப் பழைய எண் எப்படிப் பொருந்தும் என்று அப்பா தெலுங்கில் கேட்டார். பொறியியல் துறையில் இதுவே விதியாம். வடிவம், பொருத்தம், பயன் ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் புது எண் இடவேண்டும்.

மென்பொருளாரும் இதே வழக்கத்தைத்தான் மேற்கொள்கிறார்கள். பதிப்புக்கு மூன்று எண்கள் உண்டு. பிழை திருத்தினால் கடைசி எண் கூடும். பழையது கெடாமல் புதிய வசதி சேர்ந்தால் நடு எண் கூடும். பழைய நிரல் ஓடாது என்றால் முதல் எண்ணையே மாற்றியாகவேண்டும். ஒன்றை நீக்குமுன் சில பதிப்புகள் வரை எச்சரிக்கை தருவதும் மரபு. எண்ணை மாற்றுவதைவிட இந்த எச்சரிக்கையே பெரிது என்பது என் கருத்து. முன்கூட்டியே ஒரு சொல் வந்திருந்தால் நானூறு புஷ் வீணாகியிராதன்றோ?

2008 டிசம்பரில் பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு வந்தது. இரண்டாம் பதிப்புக்கு எழுதிய நிரல்கள் பல அதில் ஓடவில்லை. உலகமே முணுமுணுத்தது. பழைய பதிப்புக்கான ஆதரவை நிறுத்த 2020 ஜனவரி 1 வரை பொறுக்கவேண்டியதாயிற்று. எனினும் தமிழர்க்கு அம்மாற்றத்தால் நன்மையே. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பழைய பைத்தானைக் கேட்டால் வழக்கமாக 15 என்றது, பைட்டுகளை எண்ணி. புதியது 5 என்கிறது, குறிகளை எண்ணி. நாம் எண்ணினால் மூன்றே எழுத்து! இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கிறது.

நம் எழுத்திலேயே இத்தகைய மாற்றம் நிகழ்ந்ததுண்டு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 'லை', 'னை' முதலியவற்றின் தும்பிக்கை வடிவம் போயிற்று. ஆயினும் யுனிகோடில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் குறிகள் அவையே. எழுத்துருவை மாற்றினால் பழைய வடிவமும் தோன்றும். தோற்றம் மாறலாம், உள்ளிருக்கும் எண் மாறாது.

இம்மாறாமைக்கு ஒரு விலையும் உண்டு. யுனிகோடு நம் ஆய்த எழுத்துக்கு 'தமிழ் சைன் விசர்கா' என்று பெயரிட்டுவிட்டது. ஆய்தம் விசர்க்கம் அன்று என்பதைத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் அறிவார்கள். ஆனால் ஒருமுறை சூட்டிய பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்களது விதி. அப்பெயரைக் கொண்டு எழுத்தைத் தேடும் நிரல்கள் எங்கெங்கோ இருக்கக்கூடும். ஆகவே பெயரை அப்படியே விட்டு, கீழே சிறு குறிப்பாக 'ஆய்தம்' என்று சேர்த்திருக்கிறார்கள்.