பக்கத்துக் குடிலின் வெளிச்சம்

மின்சாரம் இல்லாத காட்டிலோ ஆற்றங்கரையிலோ நாலு நாள் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டு வருவதை மேல்நாட்டார் ஒரு பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். அதற்கென்று தனிக் கடைகள் உண்டு, வண்டிகள் உண்டு, சட்டதிட்டங்களும் உண்டு. எங்கள் திசையன்விளைப் பக்கத்தில் இதைச் சொன்னால், "இதிலே என்ன அதிசயம்? ஆடி அமாவாசைக்கு நாம காரையாறு போறோமே, அது என்னவாம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

பொதிகை மலையில், தாமிரபரணிக் கரையில், காரையாற்றில் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். தெற்குச் சீமையில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் குலதெய்வம். வருஷம் முழுவதும் தேரி மணலையும் பனை மரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஜனங்கள், ஆடி பிறந்ததும் நாங்குநேரி, களக்காடு, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று பிரயாணம் செய்து, பாபநாசத்தில் மலை ஏறுவார்கள். அண்டா, பாய், அரிசி மூட்டை, குழந்தை குட்டி எல்லாம் கூடவே ஏறும். ஆற்றங்கரையில் நாலு கம்பை நட்டு, மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் குடில் தயார். முன்பெல்லாம் அந்தக் குடிலில் வாரக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு. இப்போது வனத்துறையார் நாட்களைச் சுருக்கிவிட்டார்கள்.

விழா அமாவாசைக்கு. ஆகவே மாதத்திலேயே இருட்டு மிகுந்த ராத்திரிகளில்தான் நாங்கள் அந்தக் காட்டில் இருக்கிறோம். ஆடிச் சாரல் வேறு. எங்கள் குடில் வழக்கமாக அமையும் பக்கத்துக்கு மின்கம்பி வருவதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுதான் பாபநாசத்தில் 1944ஆம் ஆண்டு முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. இன்னொரு பக்கம் கூடங்குளத்து அணு உலை 2013 முதல் மின்சாரம் தருகிறது. இத்தனைக்கும் நடுவில் பிறந்தவர்கள், மின்சாரம் பிறக்கிற ஆற்றங்கரையிலேயே, தீப்பெட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

என் சிறு வயதில் குடிலுக்கு ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதுவும் ஊமை அல்ல. 'உஸ்' என்று ராத்திரி முழுவதும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். நடுவில் காற்றுக் குறைந்தால் எழுந்து பம்ப் அடிக்க வேண்டும். ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வெளிச்சம் எவ்வளவு தூரம் விழுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் சத்தமும் போகும். யாருக்கு வெளிச்சமோ அவருக்கே சத்தம். பக்கத்துக் குடில்காரன் அதில் பங்குதாரன் அல்ல.

ஜெனரேட்டர் வந்து அந்தக் கணக்கைக் கெடுத்தது. வெளிச்சம் இங்கே, சத்தம் அங்கே என்று இரண்டையும் பிரித்துவிட்டது. வயர் நீளமாக இருந்தால் போதும். மிஷினைத் தூரத்தில் வைத்துவிட்டு, சொந்தக்காரர் வெளிச்சத்தில் சௌக்கியமாக இருக்கலாம். அவருக்குத் தூரம் என்றால் இன்னொருவருக்குக் கிட்டம் என்பதுதான் விஷயம்.

இந்தச் சத்தத்துக்கு நம் ஜனங்களின் காது பழகியதற்குக் காரணமும் இருக்கிறது. 2008ஐ ஒட்டித் தொடங்கி, 2012இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டை யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இருக்காது. கடைவீதியில் நடந்தால் கடைக்கு ஒரு ஜெனரேட்டர், தெருவோரத்தில் நாயைக் கட்டியது போலச் சங்கிலியில் கட்டப்பட்டு அலறிக்கொண்டிருக்கும். வியாபாரிகள் அந்தச் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பிப் பேசப் பழகினார்கள். பிறகு மின்வெட்டு குறைந்தது. மிஷின்கள் வேலையற்றுப் போயின. அவற்றில் ஒன்றிரண்டு ஆடி மாதத்தில் மலை ஏறத் தொடங்கியதில் ஆச்சரியம் இல்லை.

தனியார் வண்டிகளைக் கோயில் வரை விட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு முறை எங்கள் குடிலுக்குப் பக்கத்தில் வேறு ஊர்க் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. வண்ண விளக்குச் சரம், மேஜை விசிறி, குழல் விளக்கு என்று கல்யாண வீடு மாதிரி இருந்தது அவர்கள் குடில். அவர்களுடைய குழந்தைகள் ஒரு பக்கம் தூங்கின. ஆகவே ஜெனரேட்டரை மறுபக்கம் வைத்தார்கள். அந்த மறுபக்கம்தான் நாங்கள். புகைக்குழாயும் எங்களைப் பார்த்தே இருந்தது.

மணி பதினொன்று ஆயிற்று. என் சித்தப்பா மகன் வேட்டியை மடித்துக் கட்டினான்.

"அண்ணாச்சி, நீங்க சும்மா இரிங்க. நான் போயி ரெண்டு கேள்வி கேட்டுட்டு வாரேன்."

அந்த இரண்டு கேள்விகள் என்ன என்பது எனக்குத் தெரியும். சாமி கும்பிட வந்த இடத்தில் கேட்கத் தக்கவை அல்ல. அதற்குள் என் பெரியம்மை எழுந்துவிட்டாள். அப்போது அவளுக்கு எழுபத்தெட்டு வயசு. ஓலைப்பெட்டியிலிருந்து பத்து முந்திரிக்கொத்தை எடுத்து ஒரு வாழையிலையில் பொதிந்துகொண்டு, "துணைக்கு வா" என்று என்னைக் கூப்பிட்டாள்.

அந்தக் குடில் வாசலில் நின்று அவள் கேட்டது இதுதான்: "தாயி, யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா? இந்நேரத்துலயும் மிஷின் ஓடுதே, அதான் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்."

ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லவே இல்லை. கேள்வியில் கிண்டலும் இல்லை. இந்த நேரத்தில் ஒரு மிஷின் ஓட வேண்டுமானால் அதற்குத் தகுந்த காரணம் இருக்கும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

காரணமும் இருந்தது. அந்த வீட்டு மருமகள் எழுந்து வந்து சொன்னாள்: "ஆமா ஆச்சி. எங்க அத்தைக்கு மூச்சிரைப்பு. பன்னெண்டு மணிக்கு ஒருக்க, விடியக்காலம் நாலு மணிக்கு ஒருக்க மருந்துப் புகை வைக்கணும். அதுக்காவத்தான் இதக் கொண்டாந்தோம்."

உள்ளே ஒரு கிழவி தலையணை மேல் தலையணை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நெபுலைசர் பெட்டி. நான் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. பெரியம்மை மட்டும் அசரவில்லை. "ஒரு தடவைக்கு எம்புட்டு நேரம் ஆவும்?" என்று கேட்டாள். "பத்து நிமிசம், ஆச்சி." பத்தும் பத்தும் இருபது நிமிஷம். அதற்காக ராத்திரி முழுவதும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற மிஷினை வீணாக்குவானேன் என்று விசிறியும் வண்ண விளக்குகளும் அதோடு சேர்ந்துகொண்டன. போதாததற்கு, காற்று திரும்பும்போதெல்லாம் அதன் புகை அவர்கள் குடிலுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. மூச்சுக்காக வந்த இயந்திரம் மூச்சையே கெடுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் வேன் ஓட்டுநரிடம், வண்டி பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கிற சின்ன இன்வெர்ட்டர் ஒன்று இருந்தது. நெபுலைசருக்கு அது தாராளம். பன்னிரண்டு மணி மருந்தை வேனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வைத்தோம். ஜெனரேட்டர் நின்றது. ஆற்றுச் சத்தம் கேட்டது. கூடவே என் சித்தப்பா மகன் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டும் கேட்டது. இப்போது அந்தக் குடிலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்! இத்தனை நேரமும் அந்தப் பாட்டை மூடி வைத்திருந்தது அவர்களுடைய மிஷின்தான்.

இந்த இயந்திரம் ஏன் இப்படிக் கத்துகிறது என்று பிற்பாடு ஒரு மெக்கானிக்கிடம் விசாரித்தேன். சாதாரணச் சிறிய ஜெனரேட்டர் நம் நாட்டு மின்சாரத்துக்கு வேண்டிய 50 சைக்கிளைக் கொடுப்பதற்கு நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றியாக வேண்டும். ஒரு பல்பு எரிந்தாலும் சரி, ஐம்பது பல்பு எரிந்தாலும் சரி, சுற்று குறையாது. ஒரு டம்ளர் காப்பிக்காகக் கல்யாண அடுப்பை மூட்டுவது போலத்தான். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் என்று இன்னொரு வகை இருக்கிறது. வேலை குறைவாக இருந்தால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சத்தமும் அடங்கும். விலைதான் அடங்காது.

ஆனால் ஒரு குடிலுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? 9 வாட் எல்.இ.டி. பல்பு நாலு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 180 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் பாதியை மட்டும் செலவழித்தாலும் 600 வாட்-மணி கிடைக்கும். பல்புகள் எரிந்தது போக, வீட்டார் அத்தனை பேருடைய கைபேசிகளுக்கும் மிச்சம் இருக்கும். பகலில் எல்லோரும் ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கும்போது ஜெனரேட்டரை ஓட்டிப் பாட்டரியை நிரப்பிக்கொண்டால், ராத்திரி அதன் முகத்திலேயே விழிக்க வேண்டியதில்லை.

சட்டமும் இதற்கு அனுகூலமாகத்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையில் ராத்திரி என்று வகுத்திருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்தில் 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. கூண்டு போட்ட டீசல் ஜெனரேட்டர் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் சத்தம் போடக் கூடாது என்றும் விதி உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்கச் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். கணக்குப் போட்டால், நல்ல மிஷினே பக்கத்துக் குடிலிலிருந்து ஒரு 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். கூண்டில்லாத பழைய மிஷினுக்கு அதுவும் போதாது. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களிலும் இதே பத்து முதல் ஆறுதான் அமைதி நேரம். 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டுகிற ஜெனரேட்டரை அங்கே பகலிலும் ஓட்ட முடியாது. இரண்டு தேசங்களும் ஒரே மணியைத் தேர்ந்தெடுத்தது எனக்கு அதிசயமாகப் படவில்லை. மனிதனுக்குத் தூக்கம் எங்கேயும் ஒரே மாதிரிதானே வருகிறது?

"கோயில் என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும்? வில்லுப்பாட்டும் மகுடமும் விடிய விடிய முழங்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. முழங்கும். ஆனால் அது எல்லோரையும் கூப்பிடுகிற சத்தம். நடுவில் நிற்கும்; கதை சொல்லும்; கேட்கிறவன் 'ஆமாம்' போடுவான். அதற்கு ஒரு முடிவும் உண்டு. ஜெனரேட்டர் யாரையும் கூப்பிடுவதில்லை. பெட்ரோல் தீரும் வரையில் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த மலையில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நாம் மட்டும் அல்ல. மயிலாற்றில் காணி மக்கள் வருஷம் முழுவதும் குடியிருக்கிறார்கள். நாம் நாலு நாள் விருந்தாளிகள். சுற்றிலும் இருப்பது களக்காடு முண்டந்துறை; 1988 முதல் புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் முதலாவது. காட்டில் ராத்திரி என்பது காதின் ஆட்சி. இலை அசைகிற சத்தத்தைக் கேட்டுத்தான் மான் பிழைக்கிறது. ஆண் தவளை கத்துவது பெண் தவளைக்குக் கேட்டால்தான் அதன் வம்சம் நடக்கும். நம்முடைய வண்ண விளக்குச் சரத்துக்காக அவற்றின் காதை அடைத்துவிட நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

ஜெனரேட்டரே கூடாது என்பது என் கட்சி அல்ல. அந்த மூச்சிரைப்புக் கிழவியைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், நோயாளிகள் எல்லோரும்தான் குலதெய்வத்தைக் கும்பிட வருகிறார்கள், வர வேண்டும். அவசியம் இருக்கிற சத்தத்தை யாரும் பொறுத்துக்கொள்வார்கள், அவசியம் இன்னது என்று தெரிந்தால். 'அத்தைக்கு மருந்து வைக்கணும், பன்னெண்டு மணிக்குப் பத்து நிமிசம் ஓட்டுவோம்' என்று சாயங்காலமே சொல்லியிருந்தால் எங்களில் ஒருவருக்கும் கோபம் வந்திராது. காரணம் தெரிந்த சத்தம் காதில் பாதிதான் விழுகிறது.

மற்றபடி செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. நாலைந்து குடில்கள் சேர்ந்து ஒரு மிஷினை வைத்துக்கொள்ளலாம். அதைப் பாறை மேல் வைக்காமல் மணலில் வைத்தால் அதிர்வு குறையும். குடிலுக்குள்ளோ தார்ப்பாய் மறைவுக்குள்ளோ வைக்கவே கூடாது. அதன் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும். சமையலும் சாப்பாடும் முடிகிற மட்டும் ஓட்டிவிட்டு, பத்து மணிக்கு முன் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்த ஆடியில் குடில் போடப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. முதல் கம்பை நடுவதற்கு முன்பே பக்கத்துக் குடிலுக்குப் போய், "எங்களிடம் ஒரு மிஷின் இருக்கிறது. எந்தப் பக்கம் வைத்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?" என்று கேட்டுவிடுங்கள். கையில் ஏதாவது பலகாரம் இருந்தால் நல்லது. அவர்கள் இடத்தைக் காட்டிவிட்டு, கையோடு நாலு கைபேசிகளைச் சார்ஜ் போடக் கொடுத்துவிட்டால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.