பாலைநிலத்தைப் படம்பிடித்தோம்

பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலரின் மனக்கண்முன் தோன்றுவன அலையலையான மணற்குன்றுகளும், அவற்றின்மீது வரிசையாகச் செல்லும் ஒட்டகங்களுமே. நாட்காட்டிகளும் பாடநூல்களும் அத்தோற்றத்தையே நமக்குப் பழக்கிவிட்டன. அப்படங்கள் பொய்யல்ல, ஆயினும் அவை பாலையின் ஒரு சிறு கூற்றையே காட்டுவன. இந்தியாவின் இராசத்தான் மாநிலத்திலுள்ள பாலைவனத் தேசியப் பூங்காவில் புகைப்படக் கருவியுடன் சில நாட்கள் உலாவி வந்தபின் இவ்வுண்மை நமக்கு நன்கு விளங்கிற்று.

மாத்தளை மாவட்டத்து உக்குவளை நமது ஊர். மிளகும் கொக்கோவும் செழிக்கும் பசுமை நிலம். பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, இங்குள்ள மின்னிலையத்தில் மின்சாரத்தைப் பிறப்பித்தபின், சுது கங்கையிற் கலந்து வறண்ட வலயத்து வயல்களை நாடிச் செல்கின்றது. இத்தகைய ஊரிலிருந்து, ஆண்டு முழுவதும் பெய்யும் மழை இருநூறு மில்லிமீற்றரை எட்டுவதே அரிதான ஜெய்சல்மேருக்குச் செல்வதென்றால் ஆவல் மிகுவது இயல்பன்றோ!

கொழும்பிலிருந்து டில்லிக்கு விமானத்திலும், அங்கிருந்து ஜோத்பூர் வழியாக ஜெய்சல்மேருக்குப் புகைவண்டியிலும் சென்றோம். தை மாதமாகையால் பகலில் இதமான வெயிலும், இரவில் எலும்பை ஊடுருவும் குளிரும் நிலவின. 1156ஆம் ஆண்டில் எழுந்த மஞ்சட் கற்கோட்டை மாலை வெயிலில் பொன்னென ஒளிர்ந்தது. சத்யஜித் ராய் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சோனார் கேல்லா’ திரைப்படத்தில் வரும் பொற்கோட்டை இதுவேயாகும்.

பூங்கா என்ற சொல் மலர்ச்செடிகளை நினைவூட்டக்கூடும். இதுவோ 3,162 சதுர கிலோமீற்றர் பரந்த நிலம். ஜெய்சல்மேர், பார்மேர் ஆகிய இரு மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் இது, 1980ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதனுள்ளே பல கிராமங்களும் இருக்கின்றன. இப்பெருநிலத்தில் மணற்குன்றுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சியவை புல்வெளியும், பாறைத் தரையும், புதர்க்காடும், உப்புப் படிந்த பள்ளங்களுமாம்.

மணற்குன்றுகளைப் படம்பிடிக்க விரும்புவோர் கதிரவன் எழுமுன்னரே சென்று காத்திருத்தல் வேண்டும். கிடையாக வரும் இளங்கதிரில்தான் காற்று வரைந்த நெளிகோடுகள் ஒவ்வொன்றும் நிழல்பெற்று எழுந்து நிற்கின்றன. நண்பகலில் நிழல் மறைய, குன்று முழுவதும் தட்டையான வெண்பரப்பாகிவிடும். கருவியின் ஒளிமானி பளிச்சிடும் மணலைக் கண்டு ஒளியைக் குறைத்துவிட முயலும். அதன் போக்கில் விட்டால் பொன்மணல் சாம்பல் நிறமாகப் பதியும். எனவே அது காட்டும் அளவினும் சற்றுக் கூடுதலாக ஒளியை அனுமதித்தோம். நுண்மணல் கருவியினுள் புகாதிருக்க, வெளியிடத்தில் வில்லையைக் கழற்றுவதையும் தவிர்த்தோம்.

மணலை விட்டுப் புல்வெளிக்குச் சென்றபோதுதான் பாலையின் வாழ்வு கண்ணுக்குப் புலப்பட்டது. சேவண் என்னும் புல் குத்துக்குத்தாய் வளர்ந்திருந்தது. அதனிடையே சின்காரா மான்கள் தலைநிமிர்ந்து எம்மை நோக்கின. நம் ஊர் வேலியோரத்து எருக்கும் அங்கே பழைய நண்பரைப் போல் நின்றது. கேஜ்ரி என்று அவர்கள் போற்றும் மரமோ, விசயதசமியன்று நம் கோயில்களில் வணங்கப்படும் வன்னியே! அதன் தழை குளிர்காலத்தில் கால்நடைக்கு உணவாகின்றது. “இம்மரம் நிற்கும்வரை எங்கள் ஆடுகள் பட்டினி கிடவா,” என்றார் வழிகாட்டியாக வந்த முதியவர். 1730ஆம் ஆண்டில் ஜோத்பூருக்கு அண்மையிலுள்ள கேஜர்லியில் இம்மரங்களைக் காக்க முனைந்து பிஷ்ணோய் மக்கள் 363 பேர் உயிர்நீத்தனர் என்ற வரலாற்றின் பொருள் அவ்வொரு சொல்லில் நமக்கு விளங்கிற்று.

இப்புல்வெளியே கானமயிலின் கடைசிப் புகலிடங்களுள் முதன்மையானது. ஒரு காலத்தில் தமிழகத்துச் சமவெளிகளிலும் வாழ்ந்த இப்பறவை, இன்று உலகில் இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது. பதினைந்து கிலோகிராம் வரை எடையுள்ள இது தரையில் ஒரேயொரு முட்டையிடும். அதனை நெருங்கிச் சென்று படமெடுப்பது முறையன்று. நெடுந்தொலைவில், புல்லிடையே வெண்கழுத்தை நிமிர்த்தி நடந்த ஒன்றைத் தொலைவில்லையின் வழியே கண்டோம். அதன் பின்னே மின்கம்பங்கள் வரிசையாய் நின்றன.

அக்கம்பிகளே அதன் கூற்றுவன். நேர்முன்னே பார்க்கும் ஆற்றல் குன்றிய இப்பெரும் பறவை, பறக்கையில் கம்பியைக் கண்டு விலக இயலாது மோதி மடிகின்றது. கம்பிகளை நிலத்தடியில் பதிக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2024ஆம் ஆண்டில் அவ்வாணையைத் தளர்த்தி, வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. சாம் என்னுமிடத்தில் 2019ஆம் ஆண்டு முதல் குஞ்சுகளை வளர்த்தும் வருகின்றனர். வெயிலிலும் காற்றிலும் பிறக்கும் மின்சாரம் நாட்டுக்குத் தேவையே. மின்னிலையத்தின் அருகே வாழும் நாம் அதனை மறுப்பதெங்ஙனம்? ஆனால், “வெறும் நிலந்தானே” என்று எண்ணிக் கம்பி நாட்டுவதற்கும், அங்கு வாழும் உயிர்களை அறிந்து நாட்டுவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பிழந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறும். ஜெய்சல்மேரை அடுத்த ஆகலில் பதினெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடப்பதைக் கண்டபோது அந்நூல் நினைவுக்கு வந்தது. காடாயிருந்த நிலமே இன்று பாலையாய்க் கிடக்கின்றது.

நாம் கொணர்ந்த படங்களுள் மின்கம்பங்கள் தெரியும் படத்தை ஓரம் வெட்டாமல் அப்படியே வைத்திருக்கின்றோம். கம்பத்தை நீக்கினால் படம் அழகுபெறும். பறவையின் இடர் மறைந்துபோகும். புகைப்படக் கலையில் ஈடுபாடுள்ள மாணவர்களுக்கு ஒன்று கூற விழைகின்றோம். மன்னாரின் முட்புதர்களையும், வடமராட்சியின் மணற்காட்டையும் போன்று வெறுமை என்று ஒதுக்கப்பட்ட நிலங்கள் நம் நாட்டிலும் உள. அங்கே வைகறையில் சென்று பொறுமையுடன் காத்திருங்கள். அங்கு எவை வாழ்கின்றன என்பதை முதலில் அறியுங்கள். கருவியைக் கையிலெடுப்பது அதன் பின்னர் ஆகட்டும்.