செராடோ வழியே – 6: சாலையோரப் புற்றுகள்

சென்ற இதழில் பிரசிலியாவில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து தெற்கே நானூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் உபெர்லாந்தியா. ஊரைத் தாண்டிச் செம்மண் சாலையில் இறங்கினால் பாங்கா ஆய்வுக்காடு. முறுக்கிக்கொண்ட கிளைகளும் தடித்த பட்டையுமாக மரங்கள், இடையில் புல். பிரேசிலின் செராடோ சவன்னாவின் முகம் இதுதான்.

சாலையோரம் நெடுக எறும்புப் புற்றுகள். கூட வந்த ஆய்வு மாணவி காரணம் சொன்னார். முதல் மழைக்குப் பிறகு பறந்து இறங்கும் ராணி எறும்பு வெற்று மண்ணாகப் பார்த்துத்தான் தோண்டுமாம். சாலை போட்டால் அதற்கு வசதி. காட்டுக்குள் போகப் போகப் புற்றுகள் குறைந்தன.

இங்கே இந்த இலைவெட்டி எறும்பைக் ‘கண்ணாடித் தலை’ சவூவா என்கிறார்கள். பெரிய எறும்புகளின் தலை அப்படி மின்னுகிறது. இலைத் துண்டுகளோடு சாரை போய்க்கொண்டே இருந்தது. இலையை மென்று அதில் பூஞ்சை வளர்க்கின்றன. குஞ்சுகளுக்கு அந்தப் பூஞ்சைதான் சாப்பாடு. பிரேசில் விவசாயிகளுக்கு இதன் பெயரைக் கேட்டாலே ஆகாது.

புற்று மேட்டின் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தேன். ஆழத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய வெறும் செம்மண், மக்கு இல்லை. முளைப்பதையும் எறும்புகள் நறுக்கிவிடுவதால் மேடு மொட்டையாகக் கிடக்கிறது. மேலே மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் தவறிவிடும். சங்கதி கீழே இருக்கிறது. ஆய்வாளர்கள் இத்தகைய புற்றுகளில் சிமெண்ட் கரைசலை ஊற்றி, இறுகியதும் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். 7 மீட்டர் ஆழம் வரை, ஆயிரக்கணக்கில் அறைகள்! சிலவற்றில் பூஞ்சைத் தோட்டம். சிலவற்றில் சக்கையும் பழைய பூஞ்சையும் செத்த எறும்புகளும். மரங்களுக்கு நடுவே யாரோ வெட்டி வைத்த உரக்குழி போல.

செராடோ மண்ணில் அமிலமும் அலுமினியமும் அதிகம். மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் பஞ்சம். அப்படிப்பட்ட மண்ணில் பல மரங்களின் இலை ஒரே இடத்தில் புதைகிறது. அந்தச் சத்து பக்கத்துச் செடிகளுக்குப் போய்ச் சேர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோண்டித் தோண்டி இளகிய மண்ணில் வேரும் சுலபமாக இறங்குகிறது. இலையைப் பறிகொடுத்த இளங்கன்றுக்கு இதெல்லாம் ஆறுதல் ஆகாது என்பதும் உண்மை.

வறண்ட மாதங்களில் செராடோ தீப்பிடிக்கும். மொட்டை மேட்டில் எரிய ஒன்றுமில்லை, தீ சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ராணி செத்துக் கூட்டம் அழிந்த பிறகு, நறுக்க ஆளில்லாத அந்த மேட்டில் செடிகள் ஏறுகின்றன. செராடோவில் ஏறக்குறைய பாதி ஏற்கெனவே சோயா வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. வயலில் எறும்புக்கு மருந்து வைப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். மிச்சமிருக்கும் காட்டிலாவது இந்த எறும்பை விட்டுவிட வேண்டும்.

அடுத்து மேற்கே, புல்லை மட்டுமே வெட்டும் சவூவாவைத் தேடி மேய்ச்சல் நிலங்களுக்குப் போகிறோம். அங்கே அது மாட்டுக்குப் போட்டி.

(தொடரும்)